ஒரே டிஸ்க்கில் இரண்டு இயந்திரங்கள்

திருநகர்
20 ஜனவரி 2025

சத்யா,

அனுப்புநர் முகவரியைப் பார்த்ததும் கவரை அடுப்பில் போட்டுவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் போடு.

வேறு வழியில்லாமல்தான் தபாலுக்கு வந்திருக்கிறேன். உன் போன் என் நம்பரை ஏற்பதில்லை. மெயில்கள் எங்கே போகின்றன என்று தெரியவில்லை. பொங்கல் கழிந்து காரை எடுத்துக்கொண்டு உன் ஊருக்கே வந்தேன். உன் அம்மா முத்துத்தாய் வாசற்படியை விட்டு நகரவில்லை. "அவ பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கா. உன்னையப் பாக்க மாட்டா. வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்பு" என்றார்கள். உள்ளே நீ கீபோர்டைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. கல்லூரிக் காலம் முழுக்க ஒரே ஹாஸ்டல் அறையில் கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் மழையில் கப்பலூர் ஷெட்டில் மின்னழுத்தம் எகிறி சர்வர் கருகிவிட்டது. டிஸ்க்குகள் அங்கே இல்லாததால் தப்பின. நீ வைக்கச் சொன்னபடி அவை எங்கள் வீட்டு மாடியறையில் பத்திரமாக இருக்கின்றன. புது சர்வர் வாங்கி, புது சிஸ்டம் ஏற்றிவிட்டோம். ஆனால் திருநகரில் இருக்கும் டிஸ்க் தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாகக் கப்பலூர் சர்வரை நம்பவைக்கிற, சிஸ்டத்தின் அடிமட்டத்தில் ஓடும் அந்தக் கெர்னல் டிரைவரை நீ எப்படி அமைத்திருந்தாய் என்பது பழைய சர்வரோடு எரிந்துபோனது. இப்போது நடுவில் இருக்கும் இணைய லைன் ஒரு கண் சிமிட்டினால் போதும், டிஸ்க் பூட்டிக்கொள்கிறது. பழைய ஸ்கேன் படங்களைப் பார்க்கலாம், புதிதாக ஒன்றையும் எழுத முடியாது. சர்வரை அணைத்து மறுபடி எழுப்ப வேண்டியிருக்கிறது.

மதுரையிலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் வந்து பார்த்தார்கள். இரண்டு பேரும் லைனைக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள்.

டாக்டர் சிவசங்கரனின் ஸ்கேன் சென்டர்கள் எல்லாம் படங்களை நம்மிடம்தான் வைத்திருக்கின்றன. போன வாரம் திருமங்கலத்தில், பைக்கிலிருந்து விழுந்த ஒருவரின் தலை ஸ்கேன் பாதியில் தொங்கிப்போய், மறுபடி படுக்கவைத்து எடுத்திருக்கிறார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அமைதியாகப் பேசினார். திட்டியிருந்தால் தேவலை.

நடந்ததைப் பேச இது நேரமில்லை. டிரைவரில் என்னென்ன வைத்தாய் என்று மட்டும் எழுது.

பிருந்தா


திருமங்கலம் வழி
25 ஜனவரி 2025

இயக்குநர் திருமதி பிருந்தா கிருஷ்ணபிரசாத் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நடந்ததைப் பேச இது நேரமில்லை என்கிறீர்கள். எப்போது நேரம் என்று குறித்து அனுப்புங்கள், அன்றைக்கு நான் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டேன்.

அதுவரை நானே பேசுகிறேன். என் மகள் பவதாரிணி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நான் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் கிடந்தேன். அம்மா சோற்றுத் தூக்கோடு ஒரு பதிவுத் தபாலையும் கொண்டுவந்தாள். "ஒங்க கம்பெனில இருந்துதான் வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். பிள்ளைக்கு எதுவும் அனுப்பியிருப்பாக" என்றாள். பிரித்தேன். நிறுவனத்தின் எதிர்கால நலனைக் கருதி நான் இயக்குநர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுவதாக இருந்தது. நாம் இரண்டு பேர் ஆரம்பித்த நிறுவனம். கீழே தங்கள் கையெழுத்து.

"என்னடி எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டாள். "வாழ்த்துத்தான்" என்றேன்.

பிறகு தாங்கள் டாக்டர் சிவசங்கரனிடம், "சத்யாவுக்குக் கொழந்தையோட இருக்கணுமாம், அவளாவே விலகிட்டா" என்று சொன்னதும் என் காதுக்கு வந்தது.

ஆகவே தங்கள் முறையிலேயே நடப்போம். பதிவுத் தபால் மட்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். மறுபடி காரில் வந்தால் அம்மா வாசலோடு நிறுத்திக்கொள்ள மாட்டாள்.

முதல் பதில். அந்த டிரைவருக்குள் இரண்டு காத்திருப்புகள் உண்டு. கேட்ட தகவல் வந்துசேர எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது ஒன்று. இணைப்பே செத்துவிட்டால் கையில் இருக்கும் வேலையை எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதை யாரும் தொடாவிட்டால் அது பூஜ்யமாகவே கிடக்கும். லைன் அறுந்த கணமே "டிஸ்க் போச்சு" என்று டிரைவர் மேலே இருக்கும் சிஸ்டத்திடம் சொல்லிவிடும். மேலே இருப்பது பயந்துபோய்ப் பூட்டிக்கொள்ளும். அதைச் சில நிமிடங்களாக உயர்த்துங்கள். இணைப்பு போனால் சளைக்காமல் திரும்பக் கூப்பிடும்படி வையுங்கள். லைன் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதும்.

வந்த இருவரும் லைனைக் குறை சொன்னது சரிதான். நம் ஊர் லைன் அறும் என்று தெரிந்தேதான் நான் அமைத்தேன். அறுந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் அங்கே வேலையே.

சத்யப்ரியா


திருநகர்
1 பிப்ரவரி 2025

சத்யா,

பூட்டிக்கொள்வது நின்றுவிட்டது. நன்றி. இதையும் நீ நக்கலாக எடுத்துக்கொள்வாய், எடுத்துக்கொள்.

நீ பேசிவிட்டாய், நானும் பேசுகிறேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது சர்வர் படுத்தது. உனக்குப் போன் மேல் போன் செய்தேன். உன் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்தும்தான் செய்தேன். வேறு யாரைக் கூப்பிடுவது? ஒருவருக்கும் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் எல்லாச் சாவியையும் உன் தலைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாய். நான் கேட்டபோதெல்லாம் "உனக்குப் புரியாது, விடு" என்பாய். நானும் உன்னோடு அதே படிப்பைப் படித்தவள்தான். வாடிக்கையாளரைப் பிடிக்க நான் தெருத்தெருவாக அலைந்தேன், அதனால் நீ என்னை விற்பனைக்காரி ஆக்கிவிட்டாய்.

கிருஷ்ணபிரசாத்தான் சொன்னார்: "ஒரு கம்பெனி ஒருத்தரோட பிரசவத்துல நிக்கக்கூடாது பிருந்தா." எனக்கு அது சரியென்று பட்டது. இப்போதும் படுகிறது. அந்தக் கடிதத்தை நான் வீட்டு முகவரிக்குத்தான் அனுப்பினேன். ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு இல்லை.

இப்போது அடுத்த தொல்லை. லைன் போனால் டிரைவர் காத்திருக்கிறது, சரி. ஆனால் அது காத்திருக்கும்வரை சென்டர்களில் எல்லாத் திரையும் உறைந்து நிற்கிறது. ஸ்கேன் எடுப்பவர்கள் எனக்குப் போன் செய்து கத்துகிறார்கள். ஆகவே இன்னொரு சர்வர் வாங்கி, மதுரையில் வேறு லைனில் வைத்திருக்கிறேன். அதையும் அதே டிஸ்க்கோடு எப்போதும் இணைத்தே வைத்துவிட்டால், ஒன்று உறையும்போது மற்றது எழுதிக்கொண்டிருக்கும் அல்லவா?

இரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஒரே டிஸ்க்கில் எழுதலாமா? இதுதான் என் ஒரே கேள்வி. மாத முடிவுவரைதான் டாக்டர் பொறுப்பார்.

பிருந்தா


திருமங்கலம் வழி
6 பிப்ரவரி 2025

அன்புள்ள பிருந்தா,

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். உன் பக்கமும் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. நமக்குள் இத்தனை கசப்பு வந்திருக்க வேண்டாம்.

கேள்விக்கு வருகிறேன். தாராளமாக இணைக்கலாம். டிரைவர் மறுப்பு ஒன்றும் சொல்லாது. இரண்டு சர்வரிலும் எழுதும் உரிமையோடேயே டிஸ்க்கை ஏற்றிவிடு. தனியாக முன்னேற்பாடு எதுவும் வேண்டாம். பயப்படாதே.

பவதாரிணி இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். கிருஷ்ணபிரசாத்தை விசாரித்ததாகச் சொல்.

உன் சத்யா


திருநகர்
13 பிப்ரவரி 2025

சத்யப்ரியா,

"பயப்படாதே" என்று நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பரீட்சை அன்று எனக்குக் கை நடுங்கியபோதுகூட, "நடுங்கிக்க. ஆனா தப்பில்லாம டைப் பண்ணு" என்றவள் நீ. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அதனால் டாக்டரின் டிஸ்க்கைத் தொடவில்லை. சும்மா கிடந்த ஒரு பழைய டிஸ்க்கை எடுத்து, என் மகனின் பிறந்தநாள் படங்களை அதில் நிரப்பி, நீ சொன்னபடி இரண்டு சர்வரிலும் ஏற்றினேன். நீ சொன்னது உண்மை, டிரைவர் மறுப்புச் சொல்லவில்லை. மாலைக்குள் எல்லாம் கூழாகிவிட்டது. ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாமல், இரண்டும் காலியிடம் என்று நினைத்து ஒன்றன் மேல் ஒன்று எழுதித் தள்ளியிருக்கின்றன. பாதிப் படங்கள் திறக்கவே இல்லை. திறந்த ஒன்றில் கேக் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பட்டை.

இது உனக்குத் தெரியாதது என்று சொல்ல மாட்டாய். அப்படிச் சொன்னால் அதுதான் உனக்கு அவமானம்.

டாக்டரின் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். மார்பில் இருக்கும் கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்று போன வருஷப் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல, உன் ஊர்ப் பக்கத்துப் பெண்களும்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உன் நாற்காலியை எடுத்தேன். நீ எதை எடுக்கப் பார்த்தாய்?

உன் கடிதத்தை நகலெடுத்து, ஆங்கிலத்தில் மாற்றி, என் சோதனையின் விவரத்தையும் சேர்த்து, நீ வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெங்களூர்க் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போட்டுத் தந்ததற்கு நன்றி. உன்னிடம் இனி நான் கேட்பதற்கு எதுவும் இல்லை.

பிருந்தா


திருமங்கலம் வழி
28 பிப்ரவரி 2025

ஏ பிருந்தா,

நீ நினைத்தது நடந்தது. பெங்களூரில் கூப்பிட்டு, "இது நீங்க எழுதுனதா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றேன். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போக ஆள் வந்தான். வேலை போய்விட்டது.

அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த அன்று, பஸ் ஸ்டாண்டில் நின்று கரும்புச் சாறு குடித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நாக்கில் ஒரு ருசி தெரிந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. நீ டாக்டர் முன்னால் கைகட்டி நிற்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது.

மறுநாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்கு அசோக்குமாரைத் தெரியும், வாய் திறக்காத மனிதர். பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அவ பொழப்பக் கெடுக்கணும்னா கெடு. நான் கேக்கல. ஸ்கேன் எடுக்க வந்து படுத்தவன் உன்னைய என்ன செஞ்சான்?"

தபாலாபீசுக்குப் போனேன். பை கட்டிப் போய்விட்டது என்றார்கள். உனக்குப் போன் செய்யலாம் என்று நம்பரை எடுத்தேன். விரல் போகவில்லை. உன் குரலைக் கேட்பதைவிட அந்த டிஸ்க் அழிந்தாலும் சரி என்று ஒரு மனசு சொன்னது. 'பிருந்தா சோதிக்காமல் செய்ய மாட்டாள்' என்று இன்னொரு மனசு சமாதானம் சொன்னது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். உன் கடிதம் வரும்வரை சோறு இறங்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தப் படங்களுக்குச் சொந்தக்காரர்களிடம். உன்னிடம் இல்லை.

நீ கேட்காவிட்டாலும் முழு அமைப்பையும் எழுதுகிறேன்.

சர்வர் எழுந்ததும் முதலில் நெட்வொர்க், பிறகு டிரைவர், அதற்குப் பிறகுதான் டிஸ்க் என்ற வரிசை மாறக்கூடாது. மாறினால் இல்லாத டிஸ்க்கைத் தேடிச் சர்வர் முழித்துக்கொண்டு நிற்கும். டிரைவரைக் கெர்னலில் ஏற்றும்போதே எத்தனை டிஸ்க்குகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பிரிவுகள் என்று சொல்லிவிடு. ஒரு டிஸ்க்குக்கு ஓர் இணைப்பு போதாது. நாலு இணைப்பு கொடுத்தால் ஒன்று தேங்கினாலும் மற்றவை இழுக்கும். திரை உறைவதில் பாதி அதிலேயே போய்விடும். அறுந்தபின் பிடித்துவைக்கும் நேரத்தை முன்பே சொன்னேன். கெர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இவை அத்தனையும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்.

இரண்டாவது சர்வர் தயாராக நிற்கட்டும், ஆனால் டிஸ்க்கைத் தொடக்கூடாது. முதலாவதன் மின்சாரத்தை வெட்டி, அது செத்தது உறுதியான பிறகே இரண்டாவது கை வைக்கலாம். ஒரே நேரத்தில் ஒருவர்தான். டிஸ்க் வைத்திருக்கும் மாடியறை இயந்திரத்திலேயே இரண்டாவது ஆளுக்குக் கதவடைத்துவிடு. அப்போது யார் தப்பாகச் சொன்னாலும் நடக்காது, நான் சொன்னாலும்.

இதை நம்பாதே. வரிக்கு வரி உன் பழைய டிஸ்க்கில் போட்டுப் பார். சென்னை ஆளிடமும் காட்டு. அப்புறம் செய். ஒரு படம்கூட உடையாமல் எனக்கு வேண்டும்.

சத்யப்ரியா


கப்பலூர்
2 ஏப்ரல் 2025

சத்யா,

"எனக்கு வேண்டும்" என்று எழுதியிருந்தாய். அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏதோ மனசாட்சி பேசுகிறது என்று நினைத்தேன். அந்த அமைப்பைப் போட்ட நாளிலிருந்து சர்வர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. இருபுறமும் சோதித்தேன், கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், அசையவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் நடுவில் டாக்டர் கூப்பிட்டார். ஒப்பந்தப்படி படங்கள் தன்னுடையவை, எல்லாவற்றையும் திருமங்கலத்தில் ஓர் இடத்துக்கு நகல் எடுத்து அனுப்புங்கள் என்றார். யாருடைய இடம் என்று கேட்டேன். சொன்னார். உன் வீட்டுக்காரரின் கடை மாடி.

நான் உன் 'பயப்படாதே' கடிதத்தோடு அவரிடம் ஓடினேன். "சார், இதைப் படிங்க. உங்க படங்களை மொத்தமா அழிக்கப் பாத்தவ இவ" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தெரியும்மா. அவங்க என்கிட்ட நேர்ல வந்து சொல்லிட்டாங்க. அவங்களா விலகிப் போயிட்டதா நீங்க சொன்னது பொய்ன்னும் சொன்னாங்க."

"அப்புறமும் அவளை நம்புறீங்களா?"

"யார் நம்புறா? ரெண்டு பேருமே ஆபத்தானவங்கதான். அதுல ஒருத்தருக்கு வேலை தெரியும். அவங்க தப்புப் பண்ணுனா உடனே தெரியுற மாதிரி, ஒரு நகலை என் சென்டர்லயே வச்சுக்கப்போறேன்."

கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

நகல் எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. நடுவில் எத்தனையோ முறை லைன் போனது. ஒவ்வொரு முறையும் டிரைவர் பொறுமையாகப் பிடித்துவைத்து, லைன் வந்ததும் தொடர்ந்தது. ஒரு படம்கூட உடையவில்லை. அப்போதுதான் புரிந்தது. என் கையாலேயே என் வீட்டுப் பாதையைக் கெட்டியாக்க வைத்து, அதன் வழியாகவே வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருக்கிறாய். டாக்டர் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

கப்பலூர் சர்வர் இப்போது ஒரு நொடிகூட நிற்பதில்லை. அதில் எழுதத்தான் ஒன்றும் இல்லை.

ஷெட்டைக் கொடுத்துவிடலாம் என்கிறார் கிருஷ்ணபிரசாத். கொடுக்க மாட்டேன் என்றேன். உன் கடிதத்தை வரிக்கு வரி சோதித்ததில் எனக்கு அந்த டிரைவர் முழுக்கப் புரிந்துவிட்டது. "உனக்குப் புரியாது, விடு" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. உன் வாடிக்கையாளர் ஒவ்வொருவர் வீட்டு வாசலும் எனக்குத் தெரியும், நான் பிடித்து வந்தவர்கள்தானே. நிதானமாகத்தான் வருவேன்.

பிருந்தா


திருமங்கலம்
21 ஏப்ரல் 2025

பிருந்தா,

வா. காத்திருக்கிறேன்.

சென்ற வாரம் கம்பியில் ஏதோ வேலை என்று இங்கே பகலில் கொஞ்ச நேரம் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கடை மாடியில் சர்வருக்கு பேட்டரி இருக்கிறது. டிஸ்க்குகள் ஊரில், அம்மா வீட்டில், அங்கேயும் பேட்டரி இருக்கிறது. நடுவில் கம்பத்தில் இருக்கும் லைன் பெட்டிக்கு இல்லை. லைன் போய்விட்டது. சென்டரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மேடம், ஸ்கிரீன் அப்பிடியே நிக்குது. பேஷண்ட் உள்ள படுத்திருக்காரு." "தொடாதீங்க, இருங்க" என்றேன்.

டிரைவர் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நின்றது. நான் அதன் பதிவுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டது, தோற்றது, மறுபடி கூப்பிட்டது, தோற்றது. பிடித்துவைக்கும் நேரம் முடியப்போகிறது, இதற்கு மேல் போனால் கைவிட்டுவிடும் என்ற இடத்தில் லைன் வந்தது. நாலு இணைப்பும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, தேங்கி நின்ற படங்கள் மடை திறந்தாற்போல் உள்ளே போயின. ஒன்றும் சிந்தவில்லை. அந்தப் பெண் போனிலேயே, "வந்துருச்சு மேடம்!" என்றாள்.

நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். கீழேயிருந்து அசோக்குமார், "என்ன சத்யா?" என்று குரல் கொடுத்தார்.

"லைன் வந்துருச்சு!"

"கரண்டு வந்தா லைன் வரத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் மோட்டாரைச் சுற்றப் போய்விட்டார். அம்மாவிடம் சொன்னேன். "சரிடி, சாப்பிட்டியா?" என்றாள். டாக்டருக்கு லைன் போனதே தெரியாது.

அந்தச் சில நிமிடங்களில் என்ன நடந்தது, அது ஏன் அத்தனை அழகு என்று சொன்னால் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மனிதர் வேண்டும்போல் இருந்தது. யார் என்று யோசித்தேன். திருமங்கலத்தில் இல்லை, பெங்களூரில் இல்லை. கப்பலூரில் காலி ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் உன் முகம்தான் வந்தது. வேறு ஒரு முகமும் வரவில்லை.

அதற்காகவும் உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

சத்யா